வீட்டுக்கு ஒரு ஆம்பியர்

எங்கள் தெருவில் வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கம்பிகளுக்கு நடுவில்தான் பார்க்க வேண்டும். ஜெனரேட்டர் கொட்டகையிலிருந்து கிளம்பி அறுபத்துநான்கு வீடுகளுக்கும் கறுப்பும் சாம்பலுமாகப் பிரிந்து போகிற கம்பிகள். அவற்றில் நான்கு மட்டும் சிவப்பு. புதிதாகக் குடிவந்தவர்கள் அது ஏதோ ஆபத்தான மின்கம்பி என்று நினைத்து, பிள்ளைகளை அந்தப் பக்கம் விட மாட்டார்கள். தெருக்காரர்களுக்குத் தெரியும், அது ஜர்ஜீஸ் தானாகப் பார்த்துக் கொடுத்த கம்பி. பணம் கொடுத்து வாங்க முடியாது. கேட்டாலும் கிடைக்காது.

இராக்கில், எங்கள் மோசுல் ஊரில் தெருவுக்கு ஒரு ஜெனரேட்டர்காரர் உண்டு. அரசாங்க மின்சாரம் தன் இஷ்டத்துக்கு வரும், போகும். மற்ற நேரத்துக்கெல்லாம் அவர்தான். மூன்று ஆம்பியர், ஐந்து ஆம்பியர் என்று அவரவர் வசதிக்கு மாதவாடகைக்கு எடுத்துக்கொள்வோம். இரவு பகல் முழுக்க வேண்டுபவர்களுக்குத் 'தங்க லைன்' என்று தனி விலை. ஜெனரேட்டர்காரரை யாரும் விரும்புவதில்லை. மாப்பிள்ளை ஜெனரேட்டர்காரர் மகன் என்றால் பெண் வீட்டார் முகத்தைச் சுளிப்பார்கள், ஆனால் கோடையில் கேட்டால் உடனே சம்மதிப்பார்கள் என்று ஊரில் ஒரு கேலி உண்டு.

ஜர்ஜீஸை அப்படிக் கேலி செய்து நான் கேட்டதில்லை. மூத்த மகன் பெயரால் அவரை அபூ யாசீன் என்பார்கள் பெரியவர்கள். நாங்கள் அம்மோ என்போம், அப்பாவின் தம்பியைக் கூப்பிடுவது போல. ஐம்பத்தேழு வயது. கட்டையான உருவம். வலது புருவம் என்றோ வெந்நீராவி பட்டுப் பாதி இல்லாமல் போனதால், எதைக் கேட்டாலும் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும் முகம். ஒரு தொழிற்சாலையில் மின்பணியாளராக இருந்தவர். அது மூடப்பட்டபோது மனைவியின் வளையல்களை விற்று முதல் எஞ்சினை வாங்கினார். இப்போது இரண்டு ஓடுகின்றன. பெரியது சத்தம் போடும். அதற்கு மாமியார் என்று பெயர். சின்னது அமைதி, அது மருமகள். மூன்றாவதாக ஒரு செத்த எஞ்சின் கொட்டகையின் மூலையில் கிடக்கிறது. சிவப்புக் கம்பியின் கதை அந்தச் செத்த எஞ்சினிலிருந்துதான் தொடங்குகிறது.

கறுப்புக் கொடிக்காரர்கள் ஊரைப் பிடித்திருந்த மூன்று வருடங்களில் படம் எடுப்பது குற்றம், வைத்திருப்பதும் குற்றம். எங்கள் தெருமுனையில் புகைப்பட நிலையம் வைத்திருந்தவர் ஹிக்மத். ஒரு மாலை அவர் கேமராவையும், நிற்கும் விளக்குகள் இரண்டையும், ஒரு பெட்டி பல்புகளையும் கம்பளியில் சுற்றிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். இருவரும் நெருங்கிய நண்பர்கள்கூட இல்லை. ஜர்ஜீஸ் செத்த எஞ்சினின் குடலையெல்லாம் உருவி எடுத்துவிட்டு, அந்த வயிற்றுக்குள் அத்தனையையும் வைத்து, பதினொரு போல்ட்டுகளை முடுக்கி, மேலே டீசலும் புகைக்கரியும் பூசினார். கொடிக்காரர்கள் மூன்று முறை கொட்டகையைச் சோதித்தார்கள். ஒருவன் தேநீர் குடித்துவிட்டு, குவளையை அந்த எஞ்சின் மேலேயே வைத்துவிட்டுப் போனான்.

"என் வாழ்க்கைல இஞ்சின்மேல ஒருத்தன் டீ கிளாஸ் வச்சு நான் திட்டாம விட்டது அன்னிக்கு மட்டுந்தான்" என்பார் ஜர்ஜீஸ்.

போரின் கடைசி மாதத்தில் ஹிக்மத் இறந்துபோனார். பாதைகள் திறந்ததும் அவருடைய மகள் ஸுஹா ஊர் திரும்பினாள். ஜர்ஜீஸ் அவளைக் கொட்டகைக்கு அழைத்து, அவள் கண் முன்னால் பதினொரு போல்ட்டையும் கழற்றினார். பல்பு ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், டீசல் வாங்கப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. தீயில் கருகிய நூலகப் புத்தகங்களை வீட்டில் வைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தார் ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர். ஒரு நாள் அவர் ஜன்னலுக்கு ஒரு சிவப்புக் கம்பி வந்து சேர்ந்தது. அடுத்தது, காலிழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்கிற அண்ணன் தம்பியின் பட்டறைக்கு. மூன்றாவது, மாடியறையில் பெண்களுக்கு வயலின் கற்றுக்கொடுக்கிற ஒரு விதவைக்கு. எதற்கும் வாடகை கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை, அதுவும் அவர் தனக்கே போட்டுக்கொண்டது: கம்பியைக் கட்டிவிட்டு வந்த பிறகு அந்த வீட்டுக்குள் போய் வேலையை எட்டிப் பார்க்க மாட்டார்.

"பாத்தா ஏதாவது சொல்லத் தோணும்" என்றார் ஒரு முறை. "எனக்குத் தெரியாத வேலைல நான் என்னத்தச் சொல்ல? கரண்டு குடுத்தவன்ங்கறதுக்காக அவங்க தலையாட்டணும். அது தப்பு."

அதனால் அவர் மீட்டரைப் பார்ப்பார். சிவப்புக் கம்பி ஒவ்வொன்றுக்கும் கொட்டகைச் சுவரில் முள் வைத்த மீட்டர் ஒன்று இருந்தது. காலையில் தேநீரோடு அவற்றின் முன் நின்று, நோயாளியின் நாடி பார்ப்பது போலப் பார்ப்பார். "அண்ணனும் தம்பியும் இன்னிக்கு கடைசல் போட்டுருக்காங்க. கால் ஒண்ணு ரெடி ஆகுது." "நூலகர் இன்னும் எந்திரிக்கல." சொல்லும்போது அந்தப் பாதிப் புருவம் மேலே போகும். அந்தப் பெருமையை மறைக்க அவருக்குத் தெரியாது.

நான்காவது கம்பி ஸுஹாவுக்கு. அவள் அப்பாவின் நிலையத்தில் பொம்மைகளை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை உயரப் பொம்மைகள். உள்ளே கம்பி, மேலே துணி, முகம் மெழுகு. பாலங்களெல்லாம் இடிந்த ஊரில், ஒரு புகைப்படக்காரர் படகில் வந்து வீடு வீடாக ஆட்களுக்கு அவர்கள் தொலைத்த படங்களைத் திருப்பிக் கொடுக்கிற கதை. ஒன்பது நிமிடப் படம். அதற்கு ஆங்கிலத்தில் சப்டைட்டில் எழுதுவது என் வேலை. இரண்டு மொழியிலும் படித்தவள் என்று என்னைப் பிடித்துப் போட்டிருந்தாள். கம்பி வருவதற்கு முந்தைய நாள் ஜர்ஜீஸ் வாசலில் நின்று விசாரித்தபோது நானும் இருந்தேன்.

"பொம்மை தானா நடக்குமா, மகளே?"

"இல்ல அம்மோ. ஒரு மயிரிழை நகத்தி ஒரு படம் எடுப்பேன். மறுபடி நகத்தி இன்னொண்ணு. பன்னண்டு படம் சேந்தா ஒரு செகண்டு."

"பன்னண்டா? அப்ப ஒரு நிமிஷத்துக்கு?"

"எழுநூத்தி இருவது."

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "என் மாமியார் இஞ்சினே பரவால்ல போல. விளக்கு எவ்வளவு இழுக்கும்?"

"ரெண்டும் சேந்து நாலரை ஆம்பியர்."

"எல்இடி போட்டா அரை ஆம்பியர்ல முடிஞ்சிருமே."

"போட்டுப் பாத்தேன் அம்மோ. மெழுகு முகமெல்லாம் பிணம் மாதிரி ஆயிடுது. அப்பாவோட விளக்குலதான் அதுல ரத்தம் ஓடுது."

அவர் அத்தோடு கிளம்பிவிட்டார். மறுநாள் காலை சிவப்புக் கம்பி வந்திருந்தது. அன்று முதல் இரண்டு வருடம், ஸுஹாவின் முள் நாலரையில் நின்றால் அவருக்கு அன்றைய நாள் நல்ல நாள்.

படத்தின் கடைசிக் காட்சி ஒரு விடியல். படகு கரையைத் தொடுகிறது, எங்கள் ஊர் நதியான திஜ்லாவின் மேல் மெல்ல வெளிச்சம் ஏறுகிறது. நாற்பது விநாடி, இடையில் வெட்டே கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் ஸுஹா பொம்மைகளை நகர்த்துவதோடு, விளக்கின் முன்மூடியையும் தலைமுடி அளவு திறக்க வேண்டும். நானூற்று எண்பது படங்கள். ஜூலையில் அதைத் தொடங்கினாள். மருமகள் எஞ்சினில் அவளோடு ஒன்பது தங்க லைன் வீடுகளும் தொங்கிக்கொண்டிருந்ததால் வெளிச்சம் லேசாக ஆடும். அது நிலைக்கும்வரை காத்திருந்து காத்திருந்து எடுத்தாள். மூன்றாம் நாள் பாதிக்கு மேல் வந்துவிட்டாள்.

அன்று மதியம் ரொட்டி வாங்கப் போகும்போது கொட்டகையில் ஜர்ஜீஸ் கேட்டார், நான் சொன்னேன்: "நல்லாப் போகுது அம்மோ. முந்நூறு தாண்டிட்டா."

சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் ஊரில் ஜெனரேட்டர்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தெருவில் கல்யாணம் என்றால், மணப்பெண் வாசலைத் தாண்டும்போது எஞ்சினைக் கொஞ்சம் முடுக்கிவிடுவார்கள். தெரு முழுக்க விளக்குகள் சட்டென்று பிரகாசமாகும், பெண்கள் குலவையிடுவார்கள். பூவோ காசோ கொடுப்பது போல அது அவர்களுடைய சீர். ஜர்ஜீஸுக்கு மனம் நிறைந்திருந்தது. தனக்குத் தெரிந்த ஒரே சீரை அவர் ஸுஹாவுக்குச் செய்தார்.

நான் ரொட்டியோடு திரும்பி வரும்போது அவர் கையை இன்னும் எஞ்சினிலிருந்து எடுக்கவில்லை. கண் சுவரில் இருந்தது. ஸுஹாவின் முள் நாலரையிலிருந்து ஐந்தைத் தொட்டு, ஒரு நொடி நின்று, சரியாகப் பாதிக்கு விழுந்தது.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒரு பல்பு போச்சு" என்றார்.

ஸுஹா கத்தவில்லை, அழவில்லை. கால் மணி நேரம் கழித்துக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்து, கடைசி இரண்டு படங்களை அவருக்குக் காட்டினாள். முதலாவதில் நதிமேல் மங்கிய சாம்பல். அடுத்ததில் உச்சி வெயில். இரண்டு வருடத்தில் அவள் வேலையில் அவர் பார்த்த முதல் படங்கள் அவைதான்.

"இன்னும் எத்தன பல்பு இருக்கு?"

"ஒரே ஜோடி, அம்மோ. இந்த மாதிரி இப்ப யாரும் செய்யறதில்ல. புது ஜோடிய மாட்டினா முதல்லேந்து தொடங்கணும். இதுவும் போச்சுன்னா படம் விடியாமலே முடியும். பரவால்ல. அப்படியும் முடிக்கலாம்."

"பரவால்லன்னு சொல்லாத" என்றார் ஜர்ஜீஸ். "என்ன வேணும்னு சொல்லு."

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள். அணைத்து ஏற்றும்போதுதான் பழைய பல்பு போகும். அதனால் ஏற்றினால் அணைக்காமல் முப்பத்தாறு மணி நேரம் எடுக்க வேண்டும். அத்தனை நேரமும் வெளிச்சம் அசையக் கூடாது.

அது அவருக்கே தெரிந்த கணக்குதான். மருமகள் எஞ்சினை ஸுஹாவுக்கு மட்டும் தனியாக ஒதுக்கினால் வெளிச்சம் ஆடாது. ஆனால் அதில் தொங்குகிற தங்க லைன்களையெல்லாம் மாமியார்மேல் போட வேண்டும். ஜூலை வெயிலில் மாமியார் ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு ஓர் ஆம்பியர் குறைத்தால் மட்டுமே தாங்குவாள்.

"குறைச்சுட்டுப் போங்களேன், யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"அவங்க காசு குடுத்து வாங்கினது. திருடச் சொல்றியா?" பாதிப் புருவம் என்னைப் பார்த்தது. "கேக்கணும். வீடு வீடாப் போய்க் கேக்கணும். நீயும் வா ஷைமா. ஆம்பள இல்லாத வீட்டுக்குள்ள நான் தனியாப் போக முடியாது."

கதவு தட்டுவதைப் போல எனக்குப் பிடிக்காத வேலை வேறு இல்லை. இருந்தாலும் புதன்கிழமை காலை அவரோடு போனேன்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு வேண்டுதலோடு போகிறவர், கொடுத்த காபியைத் தொடாமல் முன்னால் வைத்துவிடுவார். வீட்டுக்காரருக்குப் புரிந்துவிடும். உன் காரியம் முடிந்தது, குடி என்று அவர் சொன்ன பிறகுதான் குடிக்க வேண்டும். பெண் கேட்கவும், கொலைப் பகை தீர்க்கவும் வைத்திருக்கிற வழக்கம். ஓர் ஆம்பியருக்காக யாரும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

முதல் வீடு ஹாஜி ரிள்வானுடையது. ஜர்ஜீஸ் காபியைக் கீழே வைத்ததும் ஹாஜி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன அபூ யாசீன், என் பொண்ணுங்க எல்லாத்துக்கும் கல்யாணம் ஆயிடுச்சே."

"ஒரு ஆம்பியர் வேணும் ஹாஜி. வெள்ளி விடியகாலைலேந்து சனி சாயங்காலம் வரைக்கும்."

"நீதானய்யா எங்களுக்கு ஆம்பியர் விக்கிறவன்."

"அதான் கேக்குறேன். வித்தது உங்களோடது."

"எதுக்கு?"

"ஹிக்மத் மகளோட படத்துல விடியணும். போன தடவ நான் கெடுத்துட்டேன்."

ஹாஜி தாடியைத் தடவினார். "உலகம் பூராவுக்கும் அல்லாஹ் சும்மா விடிய வைக்கிறான். இந்தப் பொண்ணுக்கு மட்டும் ஆம்பியர் கேக்குதா?" பிறகு ஹிக்மத்தின் பெயர் அவருக்குள் எங்கேயோ போய்த் தொட்டிருக்க வேண்டும். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தை ஒரு முறை பார்த்தார். "குடி. ஆறிடும்."

அன்றும் மறுநாளுமாக ஜர்ஜீஸ் குடித்த காபிக்கு அளவில்லை. இருபதாவது வீட்டுக்கு மேல் கை நடுங்கத் தொடங்கியது. "இந்த நடுக்கத்த மட்டும் ஸுஹா பாத்துராம" என்றார். ஒரு வீட்டில் கிழவர் ஒருவர் ஆக்சிஜன் இயந்திரத்தோடு படுத்திருந்தார். அங்கே ஜர்ஜீஸ் கேட்கவே இல்லை. காபியை ஒரே மடக்கில் குடித்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கேள்விப்பட்டுத் தன் கணக்கில் இரண்டாகக் கொடுத்தார். ஒரு வீட்டில், "பொம்மைக்காக என் பிள்ளைங்க வேகணுமா?" என்று கேட்டார்கள். அதிலும் நியாயம் இருந்தது. ஜர்ஜீஸ் காபியைத் தொடாமல் எழுந்து ஸலாம் சொல்லிவிட்டு வந்தார்.

பயந்துகொண்டே போனது உம் ஸைஃப் வீட்டுக்கு. ஸைஃபின் அம்மா என்று அர்த்தம்; நாங்கள் காலா என்போம், அம்மாவின் தங்கையைக் கூப்பிடுவது போல. குப்பா செய்து விற்பவர். உடைத்த கோதுமைக்குள் இறைச்சி வைத்து வட்ட வட்டமாகத் தட்டி உறைய வைத்தது, எங்கள் ஊர் விருந்து எதிலும் அது இல்லாமல் இருக்காது. மூன்று பெரிய ஃப்ரீசர்கள். ஆறு ஆம்பியர் தங்க லைன். வாயும் அதே அளவு.

அவர் காபி கொண்டுவரவில்லை. சுடச்சுட ஒரு குப்பாவைத் தட்டில் வைத்து நீட்டினார். "காபிய நீ கீழ வைப்பன்னு தெரு பூரா சொல்லுது. இத வை பாப்போம். ஆறினா கொழுப்பு உறைஞ்சிரும். வீணாக்கினா ரெண்டு உலகத்துலயும் கேப்பாங்க."

ஜர்ஜீஸ் தட்டையே பார்த்தார். அவருக்குக் குப்பா எவ்வளவு பிடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தட்டைக் கீழே வைத்தார்.

"அடப்பாவி" என்றார் உம் ஸைஃப். "சரி, சொல்லு. எந்த ஃப்ரீசர அணைக்கணும்? ஞாயித்துக்கிழம கல்யாணத்துக்கு முந்நூறு குப்பா உள்ள கெடக்கு. இந்த வெயில்ல வெளிய வச்சா அது தானாவே நடந்து போயிரும், ஸுஹாவோட பொம்மை மாதிரி."

ஜர்ஜீஸ் மூன்று ஃப்ரீசரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பேசுவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. "ஒவ்வொரு வீட்டு ஃப்ரிட்ஜிலயும் பத்துப் பத்து வச்சுக்கலாமே, காலா" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இந்தப் பொண்ணுக்குப் பேச வருமா?" என்றார். பிறகு, "முப்பது வீட்டுல என் குப்பாவா? திரும்பி வரும்போது முந்நூறு இருக்குமாடி?"

"இருக்காது" என்றார் ஜர்ஜீஸ் உண்மையாக.

அவர் சிரித்துவிட்டார். "சாப்பிடு. உன் காரியம் முடிஞ்சுது."

வெள்ளிக்கிழமை விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் மருமகள் எஞ்சினில் ஒரே ஒரு கம்பி மட்டும் இருந்தது, சிவப்பு. முள் நாலரையில் போய் நின்றது. ஆணியடித்த மாதிரி நின்றது. ஜர்ஜீஸ் ஒரு நாற்காலியை எஞ்சினுக்கும் மீட்டருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார். நான் ஸுஹாவுக்குத் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டுபோவதும், எண்ணிக்கையைக் கொட்டகைக்கு வந்து சொல்வதுமாக இருந்தேன். நூறு. நூற்று ஐம்பது. இருநூற்று எண்பது. அவர் தலையை மட்டும் அசைப்பார். இந்த முறை எதன்மேலும் கை வைக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, நானூற்று நாற்பதில் இருக்கும்போது, மாமியாரின் பெல்ட் அறுந்தது.

பெரிய எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றது. அந்தச் சத்தத்துக்குப் பழகியிருந்த காதுக்கு, தெரு திடீரென்று செவிடானது போல இருந்தது. நாற்பத்தெட்டு டிகிரி வெயில். அரசாங்க மின்சாரம் காலையிலிருந்தே இல்லை. கொஞ்ச நேரத்தில் கதவுகள் திறந்தன. ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஆட்கள் கொட்டகை முன்னால் கூடினார்கள். பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன. எல்லாருக்கும் கேட்டது, மருமகள் மட்டும் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆக்சிஜன் கிழவரின் மகன் முன்னால் வந்தார். ஜர்ஜீஸ் அவரைப் பார்த்ததும், "பேட்டரி வச்சிருக்கேன்" என்று இரண்டு பெரிய பேட்டரிகளைக் காட்டினார். வெள்ளிக்கிழமையே சார்ஜ் ஏற்றி வைத்திருந்தவை. அவற்றை மூன்று பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பிறகு ஜர்ஜீஸ் ஜனங்களைப் பார்த்து நின்றார். கையில் புது பெல்ட். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

"இத மாட்ட ஒன்றர மணி நேரம் ஆகும்" என்றார். "சின்ன இஞ்சின் ஓடுது. அதுல ஓடுறது உங்க ஆம்பியர். நீங்க கேட்டா உங்க லைன அதுல போட்டுருவேன், போடாம இருக்க எனக்கு உரிமை இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "அதனால யாரும் கேக்காதீங்க."

பொம்மைக்காக வேக வேண்டுமா என்று கேட்ட வீட்டுக்காரரும் கூட்டத்தில் நின்றார், இடுப்பில் குழந்தையோடு. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாயைத் திறந்தார்.

"எத்தனாவது படத்துல இருக்கா?" என்றார்.

"நானூத்தி நாப்பது" என்றேன்.

"மொத்தம்?"

"நானூத்தி எம்பது."

அவர் குழந்தையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, சுவர் நிழலில் போய் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். உம் ஸைஃப் வீட்டிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து, மருமகளின் சுவிட்சுப் பெட்டிக்கு முன்னால் போட்டு, அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இந்தப் பக்கம் வர்ற கைய ஒடச்சுருவேன்" என்று பொதுவாக அறிவித்தார். ஹாஜி ரிள்வான் தண்ணீர்க் குடத்தோடு வந்தார். யாரோ தர்ப்பூசணி வெட்டினார்கள். ஜர்ஜீஸ் எஞ்சினுக்கு அடியில் படுத்திருந்தார். அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவ்வப்போது அங்கிருந்து ஒரே கேள்விதான் வரும்.

"முள்?"

"நாலரை" என்று தெருவே பதில் சொல்லும்.

நாலரை மணிக்கு மாமியார் கிளம்பினாள். வழக்கமாகக் காதைப் பொத்துகிற சத்தத்துக்குப் பெண்கள் குலவையிட்டார்கள். யாரும் எழுந்து வீட்டுக்குப் போகவில்லை.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஸுஹாவின் முள் ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு விழுந்தது.

வேலை முடிந்தும் விழலாம், பல்பு இரண்டும் ஒரே நேரத்தில் போயும் விழலாம். இரண்டுக்கும் முள்ளில் ஒரே அடையாளம்தான். ஜர்ஜீஸ் எண்ணெய்க் கைகளைத் துடைக்காமல் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு வருடமாக அவருக்கு எல்லாச் சேதியும் சொன்ன அந்த முள் இப்போது ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லி யாரோ தூண்டினார்கள். அவர் போகவில்லை.

நிலையத்தின் கதவு திறந்தது. ஸுஹா கண் சிவக்க, தலைமுடியெல்லாம் மெழுகுத் துணுக்கோடு வெளியே வந்தாள். இத்தனை பேர் அங்கே உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியாது. தெருவில் கரண்டு போனதே தெரியாது. சுவிட்சைத் தானே அணைத்துவிட்டு வந்திருந்தாள். இரண்டு பல்புகளும் முழுசாக இருந்தன. அவற்றைத் துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"விடிஞ்சிருச்சு, அம்மோ" என்றாள்.

ஜர்ஜீஸ் தலையை அசைத்துவிட்டு, டீசல் பார்க்க வேண்டும் என்று உள்ளே போனார். டீசல் நிறையவே இருந்தது.

உம் ஸைஃபின் குப்பாக்கள் வீடு வீடாகத் திரும்பி வந்தபோது இருநூற்று எண்பத்தொன்பது இருந்தன. விசாரணை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

படம் அக்டோபரில் முடிந்தது. பெரிய ஊர்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஸுஹா அதைத் தெருவில் காட்டினாள், கொட்டகையின் பக்கச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, மருமகளின் கரண்டில். ஜர்ஜீஸை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அவர் விதியைத் தளர்த்திக்கொண்டு வந்திருந்தார். வேலை முடிந்துவிட்டதால் இனிப் பார்க்கலாம் என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். சலவை செய்த சட்டை போட்டிருந்தார். படகு வந்தது, படங்கள் திருப்பிக் கொடுக்கப்பட்டன, ஹாஜி ரிள்வான் மூக்கை உறிஞ்சினார். ஜர்ஜீஸ் பொம்மைகளைப் பார்த்ததாகவே தெரியவில்லை.

கடைசிக் காட்சி வந்தபோது முன்னால் குனிந்தார். நதி கருநீலமாக இருந்தது. பிறகு ஓரத்தில் சாம்பல் கலந்தது. சாம்பலில் ரோஜா நிறம். வெளிச்சம் ஏறிக்கொண்டே வந்து படகுக்காரரின் மெழுகு முகத்தைத் தொட்டபோது, ஸுஹா சொன்ன மாதிரி, அதில் ரத்தம் ஓடியது. நாற்பது விநாடி. ஜர்ஜீஸ் மூச்சே விடவில்லை.

"ஒரு சிமிட்டல் இல்ல" என்றார், பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "பாத்தியா ஷைமா? ஒரு சிமிட்டல் இல்ல."

பின்வரிசையில் உம் ஸைஃப் எழுந்து நின்று, அகப்பை பிடிக்கிற கையால் துணியைக் காட்டிக்கொண்டிருந்தார். "அந்தத் தண்ணிமேல முதல்ல வருதே ஒரு மஞ்ச, அது என்னோடது."

"உக்காருங்க காலா, மறைக்குது" என்றார்கள்.

"அது என் ஆம்பியர்டா" என்றார் அவர், உட்காராமல். பொம்மைக்காக வேக வேண்டுமா என்று கேட்டவர், அதற்கு மேலே இருந்த ரோஜா நிறத்தைக் காட்டி, அது தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று வாதாடத் தொடங்கினார். அதற்குள் ஆளாளுக்கு விடியலைப் பங்கு போட ஆரம்பித்துவிட்டார்கள். ஜர்ஜீஸ் திரும்பி எல்லாரையும் ஒரு முறை பார்த்தார். பாதிப் புருவம் மேலே போய், அங்கேயே நின்றது.